ஒரே கேள்வியில் நிரப்பிய இரண்டு கட்டங்கள்

மகனே,

நீ பெட்டிக்குப் பூட்டு வாங்க மூர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாய். ஒரு பூட்டு வாங்க நான்கு சிநேகிதர்கள் எதற்கு என்று உன் அம்மா கேட்கிறாள், எனக்கும் தெரியவில்லை. நீங்கள் வருவதற்குள் இதை எழுதி முடித்து உன் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிக்கொண்டே செருப்பைத் தேடுவாய். எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு நீ எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். எழுதினால் அந்த வம்பு இல்லை. மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, சட்டை மாற்றப் பெட்டியைத் திறக்கும்போது நிதானமாகப் படி.

இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்குப் படிவம் எழுதும் வேலை உனக்கு. உன் மாமா "சர்க்கார் உத்தியோகம்" என்று ராயபுரம் முழுக்கச் சொல்லி முடித்தாயிற்று. எனக்கும் பெருமைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த மேசையை நான் அறிவேன். அதே மாதிரி ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒரு பெண்ணுக்கு நாடு இல்லாமல் செய்தவன் நான். உனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அப்பாவும் அம்மாவும் சில நாள் பேசிக்கொள்ளவில்லை என்பது மட்டும் நினைவிருக்கலாம். தான் செய்த முட்டாள்தனத்தைப் பிள்ளைக்கு எழுதி வைக்கும் தகப்பன் அதிகம் இருக்க மாட்டான். நான் எழுதக் காரணம், அந்தக் கதையில் கடைசியில் ஜெயித்தோம். ஜெயித்தது எப்படி என்பது உனக்கு வேலைக்கு உதவும்.

பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, நம் ஜனங்கள் கடை கண்ணிகளைப் பறிகொடுத்துவிட்டுக் கப்பல் கப்பலாக வந்தார்கள் அல்லவா, அந்தச் சமயம். துறைமுகத்தில் வந்து இறங்குகிறவர்களுக்குப் படிவம் எழுத ஆள் போதவில்லை என்று எங்கள் அலுவலகத்திலிருந்து சிலரைக் கடனாகக் கேட்டார்கள். இங்கிலீஷில் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னையும் அனுப்பினார்கள். உனக்குத்தான் தெரியுமே, என் கையெழுத்தைப் பற்றி எனக்கு எவ்வளவு கர்வம் என்று. ஷெட்டில் வரிசையாக மேசைகள். மேசைக்கு மேசை ஒரு கூட்டம். குழந்தைகள் அழுகை, மூட்டை முடிச்சு, வாந்தி வாடை. வெயில் தகரக் கூரையைப் பிளந்தது. மற்றவர்கள் ஒரு படிவம் எழுதுவதற்குள் நான் இரண்டு எழுதிவிடுவேன். மேலதிகாரி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டல்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்; ஆனால் கெட்டுப்போக நான் தயாராகத்தான் இருந்தேன்.

வேகத்துக்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தேன். படிவத்தில் பிறந்த இடம் என்று ஒரு கட்டம், தேசம் என்று ஒரு கட்டம். கையில் தூதரகத் தாள் இருப்பவர்களுக்கு அதைப் பார்த்து இரண்டையும் நிரப்பிவிடலாம். தாள் இல்லாதவர்களைக் கேட்க வேண்டும். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "எந்த ஊரு?" வருகிற பதிலை வைத்து இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவேன். காரைக்குடி என்றால் மேலே காரைக்குடி, கீழே இந்தியா. கடலூர் என்றால் மேலே கடலூர், கீழே இந்தியா. என்னை நானே மெச்சிக்கொண்டேன். படிவத்தின் கடைசியில் ஒரு வரி அச்சிட்டிருக்கும்: மேலே எழுதியதெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொள்கிறேன். அதன் கீழே அவர்கள் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து. நான் ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. "இங்க போடும்மா" என்று விரலால் தட்டிக் காட்டுவேன், அவ்வளவுதான்.

அந்த வரிசையில் சலேத்தம்மாள் என்று ஒருத்தி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், கூட யாரும் இல்லை. தூதரகத்தில் கொடுத்த ஒற்றைத் தாளைக் கப்பலிலேயே யாரோ வாங்கிக்கொண்டார்களாம். எந்த ஊரு என்றேன். ரங்கூன் என்றாள். மேலே ரங்கூன் என்றும் கீழே பர்மா என்றும் எழுதினேன். தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவள் முகம்கூட எனக்கு அன்று மனதில் நிற்கவில்லை. ஆனால் அவள் என் முகத்தை மறக்கவில்லை.

அவள் பிறந்தது எங்கே தெரியுமா? நம் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில். நம் இராயப்பர் கோயிலில்தான் ஞானஸ்நானம். அப்பா ரங்கூன் ஜெட்டியில் மூட்டை தூக்கப் போனவர், அவளை நான்கு வயதில் தூக்கிக்கொண்டு போனார். அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஒரு தமிழனைக் கட்டி, அவனையும் அங்கேயே புதைத்துவிட்டு வந்தவள். அத்தனை வருஷமும் பர்மா சர்க்கார் அவளுக்கு அந்நியர் என்றுதான் அட்டை கொடுத்திருந்தது. வருஷா வருஷம் போய் முத்திரை குத்திக்கொண்டு வர வேண்டும். கப்பல் ஏறும்போது அந்த அட்டையையும் பிடுங்கிக்கொண்டார்கள். இங்கே வந்து காத்திவாக்கத்தில் கழிமுகத்துப் பக்கம் ஒரு குடிசை போட்டு, இறால் வாங்கி விற்றுப் பிழைத்தாள். பர்மாவில் கற்றுக்கொண்ட பழக்கம், பொடி இறாலைப் புளிக்கவைத்து இடித்து நாப்பி என்று ஒரு விழுது செய்வாள். அதன் வாடை எண்ணூர் வரைக்கும் போகும். அக்கம்பக்கத்தார் மூக்கைப் பிடித்துக்கொண்டு பர்மாக்காரி என்று பேர் வைத்தார்கள்.

பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கு மனை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளும் மனு எழுதிப் போட்டாள். அங்கே பிடித்தது சனி. மனுவைப் பார்த்தவர்கள் துறைமுகத்துப் படிவத்தைத் தேடி எடுத்தார்கள். இந்த அம்மாள் ரங்கூனில் பிறந்த பர்மாக்காரி, திரும்பி வந்த இந்தியர் இல்லை, அனுமதி இல்லாமல் தங்கியிருக்கும் வெளிநாட்டார் என்று முடிவு கட்டினார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைக்குப் பதிலாக, குறித்த நாளுக்குள் இந்தியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று தாள் வந்தது. எங்கே வெளியேறுவது? பர்மா அவளை அந்நியர் என்று அனுப்பிவிட்டது. நாமும் அப்படியே சொன்னால், கடலில்தான் நிற்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நானும் உன் அம்மாவும் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நீ எங்கேயோ பந்து விளையாடப் போய்விட்டாய். அவள் நேராக என்னிடம் வந்தாள். வெளியேற்றும் தாளோடு வந்த படிவ நகலை நீட்டி, "இத்த எயுதினது நீதானே நைனா?" என்று கேட்டாள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நான் எழுதும் இங்கிலீஷ் ஆர் எழுத்துக்கு ஒரு வால் உண்டு, கீழே இறங்கி வளைந்து நிற்கும். அது நான் சின்ன வயதில் பழக்கிக்கொண்டது. ரங்கூன் என்ற சொல்லின் தலையில் அந்த வால் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தெரிந்தவர்கள். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இல்லை என்றேன். ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள், எனக்கெப்படித் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டேன். இராயப்பர் பேரில் ஊர், இராயப்பர் பேரில் கோயில், அதன் வாசலில் நின்றுகொண்டு, இயேசுவைத் தெரியாது என்று அவர் மறுத்த மாதிரியே நானும் மறுத்தேன். அவராவது கோழி கூவியதும் அழுதார். நான் வீட்டுக்கு வந்து மீன் குழம்பில் உப்பில்லை என்று சத்தம் போட்டேன்.

உன் அம்மா பதில் சத்தம் போடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் எழுதிய கடிதங்களை அவள் வைத்திருப்பது உனக்குத் தெரியும். அதில் ஒன்றை எடுத்து வந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் பேர் ரெஜினா அல்லவா. ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அதை இங்கிலீஷில் எழுதியிருப்பேன், அந்த வாலோடு. "இத்த நீ எயுதலன்னா அத்தயும் நீ எயுதல," என்றாள். அப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு வரும், தண்ணி வரும், பேச்சு வராது. நான் முறைத்தேன், கத்தினேன், ஆபீசில் என்னை என்ன செய்வார்கள் தெரியுமா என்று நியாயம் பேசினேன். நான்காம் நாள் காலையில், வேலைக்குப் புறப்படும்போது சொன்னாள்: "அந்தம்மாவ கப்பல்ல ஏத்தற அன்னிக்கி நீ போயி கையாட்டிட்டு வா. நான் வரல." அன்று நான் வேலைக்குப் போகவில்லை. ராயபுரம் ஸ்டேஷனில் வடக்கே போகிற ரயிலில் ஏறிவிட்டேன்.

காத்திவாக்கத்தில் அவள் குடிசையைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, வாடையே வழி காட்டியது. இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான்தான் எழுதினேன் என்றேன். கோயில் வாசலில் பொய் சொன்னேன் என்றேன். ஒரு கேள்விக்கு இரண்டு கட்டம் நிரப்பின கதையையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும் நைனா. நீ ஒத்துக்கற வரிக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கெயமையும் வந்துகினே இருந்துருப்பேன்," என்றாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள், அந்த நாப்பி தொட்டுக்கொண்டு. மகனே, நான் பார்த்த ஆட்களிலேயே அவ்வளவு பிடிவாதமும் அவ்வளவு பெருந்தன்மையும் ஒரே ஆளிடம் இருந்தது அவளிடம்தான். நாப்பியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கோயில் சாமியார் ஒரு இளம் வக்கீலிடம் அனுப்பினார். மீசைகூடச் சரியாக முளைக்காத ஆள், நான் நம்பவில்லை. அவர் ஐகோர்ட்டில் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இந்த அம்மாள் இந்தியக் குடிமகள் என்று சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. இவள் சொல்வதைக் கேட்காமல் அனுப்பாதீர்கள், அவ்வளவுதான். கோர்ட்டும் அதையே சொன்னது: முதலில் கூப்பிட்டு விசாரியுங்கள், சாட்சி இருந்தால் கேளுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள், அதுவரை அவளைத் தொடக் கூடாது. எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்டேன். வக்கீல் சிரித்து, கதவு திறந்துவிட்டது, உள்ளே போய்ப் பேச வேண்டியது உங்கள் வேலை என்றார். உங்கள் என்று அவர் சொன்னது என்னையும் சேர்த்துத்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவள் பேரும் தகப்பன் பேரும் இருந்தன. ஆனால் அவளே கையெழுத்துப் போட்ட படிவம் அதற்கு எதிராக நின்றது. பிறந்தது ரங்கூன், தேசம் பர்மா, வாசித்துக் காட்டிச் சரியென்று ஒப்புக்கொண்டேன். பதிவேட்டில் இருப்பது வேறு யாரோ சலேத்தம்மாள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்தக் கடைசி வரி பொய் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

விசாரணைக்கு முன்தினம் என் மேலதிகாரி கூப்பிட்டுப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை, என் மேல் பிரியம் உள்ளவர். வருஷமாகிவிட்டது, எத்தனையோ படிவம், நினைவில்லை என்று சொல்லிவிடு; அதில் பொய்யும் இல்லை, உனக்குப் பாதகமும் இல்லை என்றார். அந்த வார்த்தை எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? நினைவில்லை. வீடு வரும் வரை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் உன் அம்மா என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போடுகிற சட்டை. எதற்கு என்று கேட்டேன். "நாளைக்கி எல்லாரும் உன்னத்தான் பாப்பாங்க," என்றாள். அதற்கப்புறம் நினைவில்லை என்று எப்படிச் சொல்வது?

கோட்டைப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மாடியில் விசாரணை. விசாரித்த அதிகாரி தெற்கத்திக்காரர், தடித்த கண்ணாடி, அதிகம் பேசாதவர். அரசாங்கத் தரப்பில் ஒருவர் எழுந்து படிவத்தைக் காட்டினார். அவளே ஒப்புக்கொண்டது என்றார். என்னைக் கூப்பிட்டார்கள். இது என் கையெழுத்து, நான் வாசித்துக் காட்டவில்லை, அன்றைக்கு ஒருவருக்குமே வாசித்துக் காட்டவில்லை என்றேன். அப்படியானால் வாசித்துக் காட்டியதாகப் பொய்க் கையெழுத்துப் போட்டீரா என்று அரசாங்கத் தரப்புக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது, மகனே, உண்மையாகவே போய்விட்டது. ஒரு கேள்வியில் இரண்டு கட்டம் நிரப்பியதையும் விடாமல் சொன்னேன். விசாரணை அதிகாரி தலை நிமிர்ந்து, உமக்கு எந்த ஊர் என்று கேட்டார். ராயபுரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தெற்கத்திக்காரர் என்பது ஞாபகம் வந்ததும், என்னையறியாமல் தெற்கே இருக்கிற மணப்பாட்டைச் சொன்னேன். உன் பள்ளிச் சான்றிதழில்கூட சொந்த ஊர் மணப்பாடு என்று எழுதி வைத்தவன் அல்லவா நான்? நீ இன்றுவரை அந்த மண்ணில் கால் வைத்ததில்லை. எப்போது அங்கிருந்து வந்தீர் என்று அவர் கேட்டார். நான் வரவில்லை ஐயா, என் தாத்தா வந்தார் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். உதட்டோரம் லேசாகச் சிரித்தது போல எனக்குப் பட்டது.

பிறகு சலேத்தம்மாளைக் கேட்டார்: ராயபுரத்தில் பிறந்தவள் என்கிறாயே, துறைமுகத்தில் கேட்டபோது ரங்கூன் என்று ஏன் சொன்னாய்? அவள் பதற்றமே இல்லாமல் சொன்னாள். "ரங்கூன்ல யாருனா எந்த ஊருன்னு கேட்டா மெட்ராஸுன்னுதான் சொல்லுவேன் சாரு. நாப்பது வருசமா அதான் சொல்லிகினு இருந்தேன். இங்க வந்து எறங்கினப்ப எந்த ஊருன்னு கேட்டாரு. மெட்ராஸ்ல நின்னுகினு மெட்ராஸுன்னா சொல்லுவாங்க? எங்கேர்ந்து வரன்னு கேக்கறாருன்னு நெனச்சி ரங்கூன்னேன்." கதவோரம் நின்ற பியூன் தலையை ஆட்டினான். தமிழ் பேசுகிற எவனுக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பஸ்ஸில், ரயிலில், கல்யாண வீட்டில் நாம் எல்லாரும் கேட்கிறவன் முகத்தைப் பார்த்துத்தானே ஊர் சொல்கிறோம். அதைக் கொண்டுபோய்த் தேசம் என்ற கட்டத்தில் போட்டவன் நான். அரசாங்கத் தரப்புக்காரர் படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் உனக்குச் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. அவள் சொன்னதையெல்லாம் எழுதி முடித்து, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நகர்த்தினார்கள். அவள் பேனாவைத் தொடவில்லை. படித்துக் காட்டுங்கள் என்றாள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எழுத்தர் சலித்துக்கொண்டார். நம் வக்கீல்கூட, நான் பார்த்துவிட்டேன் அம்மா, சரியாக இருக்கிறது என்றார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அந்த அதிகாரியே தாளை எடுத்துத் தமிழில் ஒவ்வொரு வரியாக வாசித்தார். தகப்பன் பேரில் ஒரு எழுத்துப் பிழை, திருத்தினாள். புருஷன் ஜுரத்தில் செத்தான் என்று இருந்தது. ஜுரமில்லை, கப்பல் சங்கிலி அறுந்து விழுந்து செத்தான் என்று திருத்தினாள். "ரங்கூனிலிருந்து சென்னைக்கு வந்தேன்" என்று வாசித்தபோது நிறுத்தச் சொன்னாள். "வந்தேன்னு போடாதீங்க சாரு. திரும்பி வந்தேன்னு போடுங்க." அதிகாரி கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பேனாவை எழுத்தரிடமிருந்து தானே வாங்கி, வரிக்கு மேலே திரும்பி என்ற சொல்லை நுழைத்து எழுதி, ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். அப்புறம்தான் அவள் கையெழுத்துப் போட்டாள். அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று. உத்தரவு வர இரண்டு மாதம் ஆனது. வெளியேற்றும் தாள் ரத்து, அவள் பிறப்பால் இந்தியக் குடிமகள், வேறு நாட்டுக் குடியுரிமை எதையும் ஏற்றதற்கு ஆதாரம் இல்லை. அதில் அவளைப் பற்றி வந்த முதல் வரியே திரும்பி வந்தவர் என்றுதான் இருந்தது.

எனக்கும் தண்டனை வந்தது. குற்றச்சாட்டுத் தாள், விசாரணை, சம்பள உயர்வு நிறுத்தம். நீ கேட்ட சைக்கிள் அந்த வருஷம் ஏன் வரவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வேறொன்றுக்கு வருத்தம் உண்டு. நான் எழுதிய மற்றப் படிவங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நானே மனுக் கொடுத்தேன். தேசம் என்ற கட்டத்தில் பர்மா என்று நான் எழுதியவர்களைத் தேடிக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வியாசர்பாடியிலிருந்து ஒரு குடும்பம், திருவொற்றியூரிலிருந்து ஒரு தச்சுவேலைக்காரர், கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து இரண்டு சகோதரிகள். அவர்கள் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. தச்சுவேலைக்காரர் ஒரு நாற்காலியே செய்து கொண்டுவந்து கொடுத்தார், இப்போது அதில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் ஒரு சிலர் கிடைக்கவே இல்லை. விலாசத்தில் ஆள் இல்லை. தாள் வந்ததும் பயந்து எங்கேயோ போய்விட்டார்கள். அவர்கள் பேர் எனக்குத் தெரியும். பூசையில் தினமும் நினைத்துக்கொள்கிறேன். அதைத் தவிர வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு நீ பயந்துகொண்டு மேசையில் உட்காரக் கூடாது. எச்சரிக்கைக்கும் பயத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. பயந்தவன் எல்லார்மேலும் சந்தேகப்படுவான், தாள் இல்லாதவனைத் திருடன் என்று நினைப்பான். உன்னை வேகமாக எழுதச் சொல்வார்கள். உன் கையெழுத்தும் என்னுடையதைப் போல நன்றாக இருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை. இரண்டு கட்டம் இருந்தால் இரண்டு கேள்வி கேள். கண்டியிலிருந்தும் பதுளையிலிருந்தும் வருகிறவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டால் உன்னைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று யோசி. கேட்பது நீ என்பதால்தான் அவர்கள் அந்தப் பதிலைச் சொல்வார்கள். அவர்கள் பேசுவது உனக்குப் புரியாவிட்டால் உனக்குப் புரியவில்லை என்று எழுது, அவர்கள் சரியாகச் சொல்லவில்லை என்று எழுதாதே. தப்புச் செய்தால், செய்தது நான்தான் என்று முதல் நாளே சொல்லிவிடு. நான்காம் நாள் சொல்வது ரொம்பக் கஷ்டம்; உன் அம்மா மாதிரி ஒருத்தி வீட்டில் இல்லாவிட்டால் அதுவும் நடக்காது. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்.

அந்த உத்தரவு வந்த பிறகு பொதுத் தேர்தல் வந்தது. சலேத்தம்மாளுக்கு அதுதான் முதல் ஓட்டு. என்னையும் உன் அம்மாவையும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். நாங்கள் ராயபுரத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு ரயில் பிடித்துப் போனோம். காத்திவாக்கம் பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசை தெரு வரைக்கும் நின்றது. புதுப் புடவை கட்டிக்கொண்டு நடுவில் நின்றாள். நாங்கள் உள்ளே போக முடியாது, வேலியோரம் நின்றோம். அவள் உள்ளே போய் நேரமாகியும் வரவில்லை. பட்டியலில் பேர் இல்லையோ, யாராவது பர்மாக்காரி என்று ஆட்சேபித்துவிட்டார்களோ என்று வேலிக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தேன். அதற்குள் உள்ளேயிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. விரலில் மையோடு வெளியே வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஏஜெண்டுகளுக்குக் கேட்கும்படி பட்டியலிலிருந்து பேரைச் சத்தமாக வாசிப்பார்கள் அல்லவா, அப்படி அவள் பேரையும் தகப்பன் பேரையும் வாசித்திருக்கிறார்கள். "இன்னொரு தபா படி நைனா," என்று வாசித்தவனிடம் கேட்டிருக்கிறாள். அவனும் நல்ல பிள்ளை போல, எழுந்து நின்று, வரிசையில் கடைசிப் பெண்ணுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் வாசித்திருக்கிறான். அதைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பை இதில் எழுத எனக்கு வராது. உன் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், கடற்காற்றில் மண் என்று சொல்லிக்கொண்டு.

உங்கள் சத்தம் தெருமுனையில் கேட்கிறது, பூட்டு வாங்கி வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. முடித்துக்கொள்கிறேன். நீ எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டு. சத்தமாக வாசி. இன்னொரு தரம் கேட்டால், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், எழுந்து நின்று இன்னொரு தரம் வாசி.

உன் அப்பா